மூணாவது முடிச்சு

மாஸ்க்தான கேக்க? நிறையவே எடுத்துட்டுப் போ தாயி. எத்தனைன்னு மனசுல வச்சிருக்கியோ அதுக்கு ரெண்டு மடங்கு வச்சுக்கோ. கப்பல்ல அடிக்கது உப்புக்காத்து. ஒரு நேரம் போட்டா நசநசன்னு ஆயிரும், மறு நேரத்துக்கு ஆகாது. துணி மாஸ்க் வேண்டாம், அது போட்டோவுக்கு நிக்கதுக்கு. மூக்குமேல கம்பி வச்சு அமுக்கிக்கிடுத மாதிரி இருக்கும்லா, அத வாங்கு. மருந்துக்கடைக்காரன் வேற எதையாவது உன் தலையில கட்டப் பாப்பான், சரி சரின்னு வாங்கிட்டு வந்துராத.

லிப்ட்ல பொத்தான விரலால தொடாத, முட்டியால அமுக்கு. சாப்பாட்டுக் கூடத்துல வரிசையா பாத்திரம் திறந்து வச்சிருப்பான். ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி கிடக்கும். அந்தக் கரண்டிய கப்பல்ல உள்ள அத்தனை பேரும் தொட்டிருப்பான், மூக்கச் சொறிஞ்ச கையோட. நான் அந்தப் பக்கமே போகலை. ரூமுக்கே கொண்டாந்து தருவாக, கேட்டா போதும்.

நீ என்கிட்ட வந்து கேட்டது நல்லதாப் போச்சு. இந்தத் தெருவுல கப்பல்ல போயிட்டு வந்தவ நான் ஒருத்திதான்னு உங்க அத்தை சொன்னாளாக்கும்? சொல்லுவா. வேற என்ன சொன்னா? தம்பியோட அறுபதாம் கல்யாணத்துல மண்ணள்ளிப் போட்டவன்னு சொன்னாளா? நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நீ முழிக்க முழியிலயே தெரியுது. உக்காரு. காப்பி போட்டுத் தாரேன். நடந்தது என்னன்னு என் வாயால கேட்டுட்டுப் போ. ஊரு பேசுததையே எத்தனை நாளைக்குக் கேப்ப.

எங்க வீட்டுல அவுக எப்படிப் போனாகன்னு உனக்குத் தெரியாது, நீ இப்பத்தான இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்திருக்க. கொரோனா ரெண்டாவது தடவை வந்துச்சுல்லா, அதுல போனாக. கழுகுமலையில ஒரு கல்யாணம். போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னாக. நான் வேண்டாம்னேன். போகலைன்னா நாளைக்கு கல்யாண வீட்டுக்காரன் மூஞ்சில எப்படி முழிக்கன்னு கேட்டாக. மாஸ்க்கத் தாடையில மாட்டிக்கிட்டு பந்தியில சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக, அந்த போட்டோவ யாரோ அனுப்பி விட்டான், இன்னும் என் போன்ல கிடக்கு. வந்து படுத்தவுகதான். ஆஸ்பத்திரியில இருந்து பொட்டணமாக் கட்டிக் கொண்டாந்தான். மூஞ்சிய மட்டும் காட்டுப்பான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். காட்டலை.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. என் தம்பி சௌந்தரபாண்டிதான் அந்தப் பிளாஸ்டிக் சட்டைய மாட்டிக்கிட்டு சுடுகாடு வரைக்கும் கூடப் போனான். சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கலை, தெருவுல கதவெல்லாம் சாத்தியாச்சு. உங்க அத்தை வீட்டுக் கதவையும் சேத்துத்தான் சொல்லுதேன். அவன் ஒருத்தன் போனான். அத நான் மறக்கலை. மறந்துட்டேன்னு எவளாவது சொன்னா அவ வாயி அழுகிப் போகும். எங்கம்மா அவன் பால்குடி மறக்க முன்னயே போய்ச் சேந்துட்டா. நான்தான் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்குன்னு இருக்கது அவன் ஒருத்தன்தான், அதையும் எழுதி வச்சுக்கோ.

அன்னைக்கு மாட்டுன மாஸ்க்க நான் பொறவு கழட்டவே இல்ல. ஊரு உலகமெல்லாம் கழட்டி சாக்கடையில எறிஞ்சுட்டுச் சிரிக்கு, நான் போட்டுக்கிட்டுத்தான் பால் வாங்கப் போறேன். பைத்தியம்ங்காளுக. சொல்லிட்டுப் போட்டும்.

சரி, விஷயத்துக்கு வாரேன். அவுக போன பொறவு எங்க சித்தப்பா பேத்திக்கு வளைகாப்பு வச்சாக. நானும் போனேன். வரிசையா எல்லாரும் வளையல் போடுதாக. நானும் என் பங்குக்குப் போடலாம்னு கையை நீட்டுதேன், தட்டு நகருது. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை தாயி. தட்டு மட்டும் அந்தாக்குல பக்கத்துல இருந்தவ மடிக்குப் போயிருச்சு. நீட்டுன கையை என்ன செய்யன்னு தெரியாம முந்தானையச் சரி பண்ணுத மாதிரி இழுத்து விட்டுக்கிட்டேன். மாஸ்க் போட்டிருந்தது நல்லதாப் போச்சு, நான் அழுதது யாருக்கும் தெரியலை. சௌந்தரபாண்டி அங்கிட்டு ஆம்பளைக பக்கம் உக்காந்திருந்தான். அவன் பாத்தானா பாக்கலையான்னு எனக்குத் தெரியாது. பாத்திருந்தா ஏதாவது சொல்லியிருப்பான்லா.

அதுக்குப் பொறவுதான் அவனுக்கு அறுபது வருதுன்னு பேச்சு வந்துச்சு. அவன் மகன் நிரஞ்சன் சிங்கப்பூர்ல இருக்கான். அறுபதாம் கல்யாணம்னா எல்லாரும் என்ன செய்வாக? திருக்கடையூருக்குப் போவாக. இல்லைன்னா நம்ம செண்பகவல்லி கோயில்ல வச்சு ஊர்ச்சோறு போடுவாக. இவன் என்ன சொல்லுதான், கப்பல்லங்கான். சிங்கப்பூர்ல கப்பல் ஏறி நடுக்கடல்ல வச்சு தாலி கட்டப் போறானாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கப்பல்னா என்ன? ஊரு மொத்தத்தையும் ஒரு தகர டப்பாவுல போட்டு மூடுனது. ஒருத்தன் தும்முனா அடுத்தவன் மூக்குல போய்த்தான் நிக்கும். இதுதான் உனக்கும் சொல்லுதேன், கேட்டுக்கோ, ரூமுல ஜன்னல் திறக்குத மாதிரி இருக்கான்னு முதல்லயே விசாரிச்சுக்கோ.

கூத்து என்னன்னா, சொந்தத்துல ஒருத்தரையும் கூப்பிடலை. சித்தப்பா வீடு கிடையாது, பெரியப்பா வீடு கிடையாது. ஊர்ல இருந்து நான், அவன், அவன் பொண்டாட்டி இந்திராணி, அவ அக்கா கோமதி, கோமதி வீட்டுக்காரர். அம்புட்டுதான். மத்ததெல்லாம் நிரஞ்சன் ஆபீஸ் கூட்டாளிக. பவுசு வந்துருச்சு, அதான் சொந்தம் கசக்குதுன்னு நானே நினைச்சேன். ஊரும் அதைத்தான் பேசுச்சு.

இப்ப முடிச்சுக்கு வாரேன். தாலி கட்டும்போது ரெண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மூணாவது முடிச்சு அவன்கூடப் பிறந்தவ போடணும். உனக்கும் உன் நாத்தனாதான போட்டா? அவன் கல்யாணத்துல நான்தான் போட்டேன். வலிக்கு மதினின்னு இந்திராணி முனகுனா, அம்புட்டு இறுக்கிப் போட்டேன். அறுபதாம் கல்யாணத்துலயும் தாலி கட்டணும்லா, அதுக்கும் முடிச்சு உண்டு. கூடப் பிறந்தவ நான் இருக்கேன். ஆனா எனக்குப் பூவும் பொட்டும் போயிருச்சே.

ஒரு நாள் போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போது அவனே எடுத்தான். அக்கா, அந்த முடிச்சு விஷயம் என்ன செய்யலாம்னு கேட்டான். நான் சொன்னேன், அதுக்கெல்லாம் நான் வரக்கூடாதுப்பா, சுமங்கலி யாராவது போடட்டும், கோமதி இருக்காள்லா, அவ போடட்டும்னு சொன்னேன். அவன் சரிக்கா, பாத்துக்கிடலாம்னுட்டு வச்சுட்டான்.

நீயே சொல்லு தாயி. ஒரு பொம்பளை வேண்டாம்னு சொன்னா அதுக்கு வேண்டாம்னா அர்த்தம்? பந்தியில உக்காந்தவ போதும் போதும்னு கையை மறிக்கா, உடனே கரண்டியத் தூக்கிட்டுப் போயிருவியா? இன்னொரு கரண்டி வைக்கமாட்டியா? இல்லக்கா நீதான் போடணும்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நான் மறுபடியும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். மறுபடியும் அவன் கேட்டிருக்கணும். மூணாம் தடவை நான் சரின்னு சொல்லியிருப்பேன். அதுதான நம்ம வழக்கம். பாத்துக்கிடலாமாம். எனக்கு அன்னைக்கு ராத்திரிச் சோறு இறங்கலை.

அவன் மேல எனக்குக் கோவமில்ல. அவன் தங்கம். இதெல்லாம் அந்தக் கோமதி வேலைன்னு அப்பவே எனக்குத் தெரியும். சங்கரன்கோயில்காரி. தலை நிறையப் பூ, நெத்தி நிறையக் குங்குமம், புருசன் கல்லுக்குண்டாட்டம் பக்கத்துலயே நடந்து வாராரு. தங்கச்சி வீட்டு விசேஷம்னா முன்னாடி நிக்கணும் அவளுக்கு. போனை வச்ச மறு வாரம் இந்திராணி வந்தா. மதினி, உங்க ரவிக்கை பழசு ஒண்ணு தாங்கன்னா. எதுக்குன்னு கேட்டா, சும்மா ஒரு மாதிரி பாக்கன்னா. வீட்டு வேலைக்கு வாரவளுக்குத் தைக்கப் போறா போலன்னு நினைச்சுக் குடுத்து விட்டேன்.

கப்பல் ஏறுனோம். பெருசுதான், இல்லைங்கலை. நம்ம மார்க்கெட்டத் தூக்கி உள்ள வச்சிரலாம். அத்தனை கூட்டத்துலயும் மாஸ்க் போட்டது நான் ஒருத்திதான். அதுவும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு, ரெண்டு. நிரஞ்சனோட கூட்டாளிப் பயலுக ஆன்ட்டி ஆன்ட்டின்னு பக்கத்துல வந்து நின்னு போட்டோ எடுத்தானுக. எதுக்கு எடுத்தானுகன்னு எனக்குத் தெரியாதா. எடுத்துட்டுப் போங்கடான்னு விட்டுட்டேன்.

ஏறுன அன்னைக்கே கோமதி இரும ஆரம்பிச்சுட்டா. பேச்சுக்குப் பேச்சு இருமல். கேட்டா ஏசி ஒத்துக்கிடலைங்கா. இவளுக்கு மட்டும் ஒத்துக்கிடாத ஏசி. அவகூட ஒரே மேசையில இவுக எல்லாரும் உக்காந்து, அவ தட்டுல இருந்து இவ எடுக்க, இவ தட்டுல இருந்து அவ எடுக்க, ஒரே கொண்டாட்டம். நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன். சௌந்தரபாண்டி எழுந்து வந்து, வாக்கா, ஓரமா உனக்குத் தனியா ஒரு நாற்காலி போட்டிருக்கேன், ஜன்னல் பக்கம்தான்னு கூப்பிட்டான். வேண்டாம்ப்பான்னேன். அவன் நின்னு பாத்தான். சரிக்கான்னுட்டுப் போயிட்டான். இதுக்கும் ஒரு தடவைதான் கேட்டான், பாத்துக்கோ.

பொறவு நான் ரூமை விட்டு அதிகம் வெளிய வரலை. முறுக்கும் பொரிவிளங்காயும் கொண்டு போயிருந்தேன். கண்ணாடி வழியா கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். கடல்ல பாக்க என்ன இருக்கு? தண்ணிதான். எப்பவாவது காத்துக்கு மேல போனா, இந்திராணியும் கோமதியும் குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருப்பாளுக. என் தலையப் பாத்ததும் பேச்சு நின்னு போகும். ஒண்ணுமில்ல மதினிம்பா இந்திராணி, சிரிப்ப அடக்கிக்கிட்டு. கூட்டத்துல இருந்து ஒதுக்குதது கூடப் பொறுத்துக்கிடலாம், ஒதுக்கிட்டுச் சிரிச்சா எப்படியிருக்கும்?

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். கதவத் தட்டுதாக. யாருன்னு கேட்டா கோமதி. நான் திறக்கலை. அந்த மூச்சு உள்ள வந்தா என்ன ஆகுறது? அங்கிருந்தே சொல்லுங்க மதினின்னேன். இருமிட்டுச் சொல்லுதா, இது சொல்லுத விஷயமில்ல மதினி, குடுக்கத விஷயம்ங்கா. அங்கயே வச்சுட்டுப் போங்கன்னுட்டேன். செத்த நேரம் நின்னா. அவ நிக்கது கதவுக்கடியில நிழல் தெரியுது. பொறவு போயிட்டா. நான் கொஞ்சம் விட்டுத் திறந்து பாத்தேன். கைப்பிடியில ஒரு பை தொங்குது.

பிரிச்சுப் பாத்தா, அரக்குக் கலர் பட்டு தாயி. உள்ளங்கை அகலத்துக்குச் சரிகை. கூட ஒரு பந்து மல்லியப்பூ. எனக்கு, புரியுதா, எனக்கு. அவுக போனதுல இருந்து சாம்பலும் வெள்ளையுமா உடுத்திக்கிட்டுத் திரியுத எனக்கு அரக்குப் பட்டு. உனக்கு இதெல்லாம் இனிமே கிடையாதுன்னு குத்திக் காட்டுததுக்கு இதைவிட வேற என்ன செய்யணும்? ரவிக்கையும் தைச்சு வச்சிருக்கு. பிரிச்சுப் பிடிச்சுப் பாத்தேன், அச்சு அசலா என் அளவு. கேலி பண்ணக்கூட அளவெடுத்துத் தைச்சிருக்காளுக பாரு.

சானிடைசர எடுத்து அந்தப் பட்டு மேல அடிச்சேன், முன்னாடியும் பின்னாடியும். இருமுதவ கை பட்டது, பின்ன அடிக்கணும்லா. சரிகையெல்லாம் திட்டுத்திட்டாப் போச்சு. அப்படியே சுருட்டிப் பைக்குள்ள வச்சு, ரூம் துடைக்க வந்தவகிட்டக் குடுத்து, கோமதி ரூம் வாசல்ல வச்சிரும்மான்னு கையைக் காட்டி அனுப்பிட்டேன்.

பொறவு போனை எடுத்தேன். இதத்தான் ஊரே பேசுது, அதனால நல்லாக் கேட்டுக்கோ. கப்பல்ல ஆஸ்பத்திரி உண்டு, அதுக்கு ஒரு நம்பர் போன்லயே ஒட்டியிருக்கும். அத அமுக்குனேன். தமிழ் தெரிஞ்ச புள்ளைய லைன்ல குடுத்தாக. இந்த மாதிரி ஒரு பொம்பளை ஏறுன அன்னைல இருந்து இருமிக்கிட்டே இருக்கா, கொரோனாவா இருக்கும், பாருங்கன்னேன். ரூம் நம்பரச் சொன்னேன். அந்தப் புள்ள மரியாதையாத்தான் கேட்டா, அவுக யார் யார் கூடச் சாப்பிட்டாகன்னு. கேட்டாச் சொல்லணும்லா? சொன்னேன். நாளைக்குக் காலையில கல்யாணம் இருக்குன்னு சொன்னீங்களான்னுதான கேக்க வார? அவ கேக்கலை, நான் சொல்லலை.

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். அத்தனை ஜனம் இருக்கு கப்பல்ல. வயசானவுக இருக்காக, கைக்குழந்தை இருக்கு. எங்க வீட்டுல அவுகள அப்படிப் பறிகுடுத்தவ நான், தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தா அது பாவமில்லையா? கோமதிய மட்டும் ரூமுக்குள்ள உக்கார வைப்பாக, மறுநாள் அவ வரமாட்டா, அம்புட்டுதான் நினைச்சேன். அவ வரலைன்னா முடிச்சுப் போட வேற யாரு இருக்கா? ஊர்ல இருந்து வந்த பொம்பளைக நாங்க மூணு பேருதான். அதுல ஒருத்தி கல்யாணப் பொண்ணு. அப்பவாவது என்னையத் திரும்பிப் பாக்கணும்லா. அதுக்காகச் சொன்னேன்னு நினைச்சுக்கிடாத. நோய்க்காகத்தான் சொன்னேன்.

வந்து எல்லார் மூக்குலயும் குச்சிய விட்டுப் பாத்தாக. என் மூக்குலயும்தான். கோமதிக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்லையாம், தொண்டையில வறட்சியாம். வந்தது யாருக்கு தெரியுமா? என் தம்பிக்கு. அவனுக்குக் காச்சல் கிடையாது, இருமல் கிடையாது, நல்லா வேட்டியக் கட்டிக்கிட்டு மணவறை அலங்காரத்தப் பாத்துக்கிட்டு நின்னிருக்கான். குச்சியில மட்டும் இருக்குன்னுட்டாக. கரைக்குப் போற வரைக்கும் அவனும் இந்திராணியும் ரூமை விட்டு வெளிய வரக்கூடாது, யாரும் உள்ள போகவும் கூடாதுன்னு கதவுல அட்டைய ஒட்டிட்டாக. நிரஞ்சன் கெஞ்சுதான், அந்தப் பெரிய டாக்டரு முடியவே முடியாதுங்காரு. யாரு போன் பண்ணுனதுன்னு அவன் கேட்டிருக்கான். என் ரூம் நம்பரச் சொல்லிட்டாக. ரகசியமா வச்சுக்கிடணும்லா அவுக? அதுல பாரு, அவுக மேலதான் தப்பு.

மறுநாள் காலையில நான் குளிச்சு, ரெண்டு மாஸ்க்குக்கு மேல இன்னொண்ணும் போட்டுக்கிட்டு அவன் ரூம் வாசலுக்குப் போனேன். நிரஞ்சன் சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கான். கோமதி கீழ உக்காந்திருக்கா, மூக்கு சிவந்து போயி. சிங்கப்பூர்ல இருந்து ஏத்திட்டு வந்த ஐயர் போன்ல மந்திரம் சொல்லுதாரு, உள்ள அவன் திருப்பிச் சொல்லுதது வெளிய கேக்கு. மேளம்கூட போன்லதான். டப்பாவுக்குள்ள தட்டுத மாதிரி இருந்துச்சு. பூ போட ஆள் இல்ல. அட்சதைத் தட்டு தரையில கிடக்கு. மணவறை மேல் மாடியில அலங்காரத்தோட சும்மா நிக்கு.

எனக்கு மனசு கேக்கலை. கதவத் தட்டுனேன்.

“தம்பி, கதவத் திற. மூணு மாஸ்க் போட்டிருக்கேன். முடிச்ச மட்டும் போட்டுட்டு வந்துருதேன்.”

நினைச்சுப் பாரு தாயி. லிப்ட் பொத்தானத் தொடப் பயந்தவ நான். நோயி இருக்க ரூமுக்குள்ள போறேங்கேன். வந்தா வரட்டும், அவுக போன வழியில நானும் போறேன்னுதான் நின்னேன். உண்மையாச் சொல்லுதேன். அந்த நேரத்துல எனக்கு அந்த முடிச்சத் தவிர வேற எதுவும் நினைப்புல இல்ல.

அவன் பொறவு கதவுக்குப் பக்கத்துல வந்து பேசுனான். சத்தம் போட்டுப் பேசலை.

“முடிச்சுப் போட்டாச்சுக்கா. மூணையும் நானே போட்டுட்டேன்.”

மறுபடியும் அவன்தான் பேசுனான்.

“அன்னைக்கு வளைகாப்புல தட்டை நகட்டுனாகள்லா, நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஊர்ல வச்சா உன்னைய முடிச்சுப் போட விடமாட்டாக. அதான் ஒரு பய வாய் திறக்க முடியாத இடமாப் பாத்து, நடுக்கடல்ல கொண்டாந்து வச்சேன். முன்னாடியே சொன்னா நீ மறுபடியும் வேண்டாம்னுருவ. சேலைய கோமதி மதினிதான் பாத்துப் பாத்து எடுத்தாக. அக்கா கையாலதான் முடிச்சுப் போடணும்னு முதல்ல சொன்னதே அவுகதான்.”

கேட்டியா கதைய. எல்லாம் முடிஞ்ச பொறவு கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுச் சொல்லுதான். இதை முன்னாடி சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. அந்தக் கோமதியாவது கதவுக்கு வெளிய நின்னு, மதினி இது நீங்க உடுத்திக்கிட்டு முடிச்சுப் போடதுக்குன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா. எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? நான் எப்படி நினைப்பேன்? தட்டு நகர்ந்தது ஒரு தடவையா, எத்தனை தடவை. நகருத தட்டையே பாத்துப் பாத்து இருந்தவளுக்கு ஒருத்தன் தட்ட நீட்டுதான்னா எப்படித் தெரியும், சொன்னாத்தான தெரியும். நீ கண்ணத் துடைக்காத, காப்பியக் குடி, ஆறிப் போகுது.

கோமதி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. திட்டியிருந்தாத் தேவலை. எழுந்து, வாங்க மதினி, ஒரு வாய் தண்ணி குடிங்கன்னு கையைப் பிடிக்க வந்தா. நான் கையை எடுத்துக்கிட்டேன். குச்சியில இல்லைன்னா நோயே இல்லைன்னு ஆயிருமா என்ன?

கப்பல் கரைக்கு வந்துச்சு. எல்லாரையும் இறக்கி விட்ட பொறவு கடைசியாத்தான் அவுக ரெண்டு பேரையும் விட்டாக. நிரஞ்சன் என்னைய முன்னாடியே கார்ல ஏறச் சொன்னான், நான் ஏறலை, நின்னேன். ரெண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கிட்டு இறங்கி வாராக. இந்திராணி கழுத்துல புது மஞ்சக் கயிறு. முடிச்சு பின்கழுத்துல நிக்காம முன்னாடி வந்து கிடக்கு. ஆம்பளை போட்ட முடிச்சு, அவனுக்கு என்ன தெரியும், ஒண்ணுமேல ஒண்ணாப் போட்டு உருண்டையா வச்சிருக்கான். பாக்கவே எனக்குப் பொறுக்கலை. தள்ளி விட்டுச் சரி பண்ணுவோம்னு கையை நீட்டிக்கிட்டுக் கிட்டப் போனேன். சௌந்தரபாண்டி குறுக்க வந்து நின்னான்.

“தள்ளி நில்லுக்கா. உனக்கு ஒட்டிரும்.”

கோவமாச் சொல்லலை. மெதுவாத்தான் சொன்னான். எனக்கு வந்துரக்கூடாதுங்க அக்கறையிலதான சொன்னான்? வேற எதுக்குச் சொல்லுவான்? நானும் சரிப்பான்னு தள்ளி நின்னேன். அவுக என்னையத் தாண்டிப் போய் வேற கார்ல ஏறுனாக.

எனக்கு ஒண்ணும் ஒட்டலை. நிரஞ்சனுக்கு வந்துச்சு, அவன் கூட்டாளிகளுக்கு வந்துச்சு, கோமதி புருசன் படுத்த படுக்கையாக் கிடந்து எழுந்தாரு. எனக்கு ஒரு தும்மல் கிடையாது. அவனுக்கும் ஊர் வந்து சேர முன்னயே சரியாப் போச்சு. போன தீபாவளிக்கு பலகாரம் எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். இந்திராணி வாங்க மதினின்னா, காப்பி குடுத்தா. அவன் அங்கன உள்நடையில நின்னுக்கிட்டே வாக்கான்னான், நல்லா இருக்கியான்னான். நான் அங்கிட்டு எழுந்து போனா அவன் இங்கிட்டுப் போறான். மாஸ்க்கெல்லாம் இல்ல அவன் மூஞ்சில. நோய் போய் எம்புட்டோ நாளாச்சு தாயி, இன்னும் தள்ளியேதான் நிக்கான்.